தண்ணீரும் தெம்பும்

(சந்திரகிரியில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

முதலில் இந்த ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. 1565-ல் தலைக்கோட்டை யுத்தத்தில் விஜயநகர ராஜ்யம் சிதைந்த பிறகு, அந்த அரசர்கள் தலைநகரைப் பெனுகொண்டாவுக்கும், பின்பு இந்தச் சந்திரகிரிக்கும் மாற்றிக்கொண்டார்கள். 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மதராஸில் இடம் கிடைத்த கதையிலும் சந்திரகிரி அரசருக்குப் பங்கு உண்டு. ஆகவே சென்னைக்காரர்கள் இந்த ஊருக்குக் கொஞ்சம் கடன்பட்டவர்கள். முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர், 2022 ஏப்ரல் முதல் புதிய திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. இன்று சாயங்காலம் கோட்டையையும் ராஜமஹாலையும் பார்க்கப் போகிறீர்கள். நாளைக் காலை உங்களில் பலர் ஸ்ரீநிவாசமங்காபுரத்தில் பெருமாளைச் சேவித்துவிட்டு, ஸ்ரீவாரி மெட்டு வழியாகத் திருமலைக்கு நடந்தே ஏறப் போவதாகக் காரியதரிசி சொன்னார். "மலை ஏறுகிறவர்களுக்குப் பிரயோஜனமாக ஏதாவது பேசுங்கள்" என்றார். முப்பத்தைந்து வருஷம் இந்தப் பக்கத்தில் வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பிரயோஜனமானது என்று எனக்குத் தோன்றிய விஷயம் தண்ணீர்தான்.

டாக்டரிடம் வருகிறவர்கள் அதிகமாகச் சொல்லும் வார்த்தை எது என்று நினைக்கிறீர்கள்? ஜுரம் இல்லை, வலி இல்லை. "அசதி" என்பதுதான். "காலையில் எழுந்திருக்கும்போதே அசதியாக இருக்கு. மத்தியானம் மூணு மணிக்கு மேல் ஒண்ணும் ஓடலை. ஒரு டானிக் எழுதிக் கொடுங்கோ" என்பார்கள். நான் பேனாவை எடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்பேன். "நேத்திக்குக் கார்த்தாலேயிருந்து ராத்திரி வரைக்கும் எத்தனை டம்ளர் ஜலம் குடிச்சேள்?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "காபி ரெண்டு வேளை, சாப்பிடறச்சே அரை டம்ளர், மாத்திரைக்கு ஒரு வாய்" என்று பதில் வரும்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எல்லா அசதிக்கும் தண்ணீர் மருந்தல்ல. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, இருதயக் கோளாறு, சரியான தூக்கமின்மை, மனச்சோர்வு என்று காரணங்கள் பல. நம்மைப் போன்ற சைவ உணவுக்காரர்களுக்கு வைட்டமின் பி12 குறைவும் ஒரு முக்கியக் காரணம். இரண்டு வாரத்துக்கு மேல் அசதி தொடர்ந்தால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஆனால் பரிசோதனை செய்வதற்கு முன்பே, ஒரு காசு செலவில்லாமல் சரிசெய்யக்கூடிய காரணம் ஒன்று இருக்கிறதே, அதை ஏன் விட்டுவைக்க வேண்டும்?

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

வயது வந்த ஆணின் எடையில் சுமார் 60 சதவீதம் தண்ணீர். பெண்களுக்கு இது கொஞ்சம் குறைவு. வயதானவர்களுக்குச் சுமார் பாதி. நம் உடம்பில் ஓடும் ஐந்து லிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய மூன்று லிட்டர், செல்கள் நீங்கலான திரவம். சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் வெளியே விட்டு, மீதி எல்லாவற்றையும் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்கின்றன. இவ்வளவு சிக்கனமாகக் குடித்தனம் நடத்தும் உறுப்பு வேறு இல்லை. ஆனால் சிக்கனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. வியர்வை, மூச்சு, மலம், மூத்திரம் என்று போவது போய்க்கொண்டே இருக்கும். வரவு குறைந்தால் ரத்தத்தின் திரவ அளவு குறையும். அப்போது அதே வேலையைச் செய்ய இருதயம் அதிகமாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. தோலுக்குப் போகும் ரத்தம் குறைவதால் உடம்புச் சூடு சரியாக வெளியேறுவதில்லை. உட்கார்ந்து எழுந்தால் தலை சுற்றுகிறது. வழக்கமாக ஏறும் மாடிப்படி அன்றைக்கு இரண்டு மடங்கு உயரமாகத் தெரிகிறது.

இதற்கு எவ்வளவு குறைய வேண்டும்? அதிகம் வேண்டாம். அமெரிக்காவில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தார் ஆரோக்கியமான இளம் ஆண்களிடமும் பெண்களிடமும் சோதனை செய்து 2011, 2012 ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டார்கள். உடம்பு எடையில் சுமார் ஒன்றரை சதவீதம் நீர் குறைந்தாலே போதும். பெண்களுக்குத் தலைவலி, கவனக்குறைவு, உற்சாகக் குறைவு வந்தன. ஆண்களுக்கு அசதியும் படபடப்பும் வந்தன. பெண்களிடம் புத்திக்கூர்மைப் பரிசோதனைகளில் பெரும்பாலானவை கெடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேலையைச் செய்ய முடிந்தது. ஆனால் அது கஷ்டமாகத் தெரிந்தது. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு ஒன்றரை சதவீதம் என்பது 900 மில்லி. ஒரு லிட்டருக்கும் குறைவு! சித்திரை, வைகாசியில் 40 டிகிரிக்கு மேல் போகும் திருப்பதி வெயிலில் கோயில், கடைத்தெரு என்று சுற்றினாலே அவ்வளவும் போய்விடும்.

தாகம் என்னும் மணி

"தாகம் எடுத்தால் குடித்துக்கொள்கிறேன். பகவான் அதற்குத்தானே தாகத்தைக் கொடுத்திருக்கிறார்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இளம் வயதினருக்கு, சாதாரண நாட்களில், அது போதும். மூளையில் ஹைபோதலாமஸ் என்ற பகுதி ரத்தத்தின் அடர்த்தியைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. ஒன்றிரண்டு சதவீதம் கூடினாலே மணி அடித்துவிடும்.

ஆனால் வயதானால் அந்த மணியின் சத்தம் குறைந்துவிடுகிறது. 1984-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி வைத்திய உலகில் பிரசித்தம். இருபதுகளில் இருந்த இளைஞர்களையும், 67 முதல் 75 வயது வரையிலான ஆரோக்கியமான ஆண்களையும் 24 மணி நேரம் தண்ணீர் இல்லாமல் வைத்திருந்தார்கள். பெரியவர்களின் ரத்தத்தில்தான் அடர்த்தி அதிகம் ஏறியிருந்தது. ஆனால் அவர்கள்தான் தாகம் குறைவாக இருப்பதாகச் சொன்னார்கள். பிறகு தண்ணீர் கொடுத்தபோதும் இளைஞர்களைவிடக் குறைவாகவே குடித்தார்கள். அவர்கள் நோயாளிகள் அல்ல, நடமாட்டத்தோடு நன்றாக இருந்தவர்கள்!

இதோடு, வயதாக ஆகச் சிறுநீரகத்தின் சிக்கனமும் தளர்கிறது. ரத்தக்கொதிப்புக்காகவும் கால் வீக்கத்துக்காகவும் கொடுக்கும் நீர் மாத்திரை ஒரு பக்கம் இழுக்கிறது. சர்க்கரையை மூத்திரம் வழியாக வெளியேற்றும் புதிய மாத்திரைகளும் கூடவே தண்ணீரைக் கொண்டுபோகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியே சொல்லக் கூச்சப்படும் ஒரு காரணம் உண்டு. முட்டிவலி, ராத்திரி இருட்டில் பாத்ரூமுக்கு எழுந்து போகும் பயம், இருமினால் சிந்திவிடுமோ என்ற கவலை. அதனால் தண்ணீரையே குறைத்துவிடுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு மாமி. வயது எண்பதை நெருங்கியிருந்தது. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். திருப்பதியில் தனியாக ஒரு பிளாட்டில் இருந்தார். கணக்கில் புலி; பால் பாக்கெட் பாக்கி முதல் பாங்க் வட்டி வரை வாயிலேயே சொல்லிவிடுவார். ஒரு கோடையில், போனில் பேசும்போது பேச்சு தடுமாறுகிறது, சொன்னதையே சொல்கிறார், சாயங்காலமானால் எங்கே இருக்கிறோம் என்றே புரியவில்லை என்று பிள்ளைகள் கவலைப்பட ஆரம்பித்தார்கள். ஞாபக மறதி நோய் என்று அவர்களாகவே தீர்மானித்து, முதியோர் இல்லத்தில் இடம்கூட விசாரித்துவிட்டார்கள். பக்கத்து ஃப்ளாட்காரர் என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது, எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் சரிகிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்த்தோம். ரத்தத்தில் உப்பும் யூரியாவும் ஏறியிருந்தன; மூத்திரத்தில் கிருமித் தொற்றும் இருந்தது. விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. முட்டிவலியால் பாத்ரூம் போவது சிரமமாகி, "நாலு மணிக்கு மேல் ஜலம் தொடறதில்லை" என்று மாமி ஒரு நியமம் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு நாலு மணி இரண்டு மணி ஆகியிருக்கிறது. சலைன் ஏற்றித் தொற்றுக்கு மருந்து கொடுத்தோம். நாலாம் நாள் காலையில் நர்ஸ் காபி கொடுத்தபோது, ஒரு வாய் குடித்துவிட்டு, "இது ரெண்டாம் டிகாக்ஷன்னா!" என்றார். அன்று எனக்குக் கவலை தீர்ந்தது.

மறதி நோய் இல்லவே இல்லை என்றோ, எல்லாத் தடுமாற்றமும் தண்ணீரால் சரியாகும் என்றோ நான் சொல்லவில்லை. ஆனால் பெரியவர்களுக்கு இரண்டு மூன்று நாட்களுக்குள் திடீரென்று வரும் குழப்பம் மறதி நோயாக இருப்பது அபூர்வம். வறட்சி, தொற்று, உப்புக் குறைவு, மாத்திரைக் கோளாறு ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்காவிலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெரிய திருமலைநம்பி சுமந்த குடம்

நாளைக்கு மலை ஏறுகிறவர்கள் மேலே ஆகாசகங்கைக்கும் போவீர்கள். அந்தத் தீர்த்தத்தின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ராமானுஜருக்குத் தாய்மாமனான பெரிய திருமலைநம்பி, வெகு தூரத்திலுள்ள பாபவிநாசத்திலிருந்து தினமும் பெருமாள் திருமஞ்சனத்துக்குக் குடத்தில் தீர்த்தம் சுமந்து வந்தார். ஒரு நாள் வேடுவப் பையனாகப் பெருமாளே எதிரே வந்து, "தாத்தா, தாகமாக இருக்கிறது, தீர்த்தம் கொடு" என்று கேட்டாராம். இது பெருமாளுக்கு என்று நம்பி மறுக்க, பையன் அம்பால் குடத்தில் துளையிட்டுக் குடித்துவிட்டான். நம்பி கலங்கி நின்றபோது, பாறையில் அம்பு விட்டு, பக்கத்திலேயே ஆகாசகங்கையை வரவழைத்துக் கொடுத்தான் என்பது ஐதீகம். இன்றும் திருமலையில் அத்யயன உற்சவம் முடிந்தவுடன் தண்ணீரமுது உற்சவம் நடக்கிறது.

வைத்தியனாக இந்தக் கதையைக் கேட்கும்போது எனக்கு ஒரு எண்ணம் வரும். மலைப்பாதையில் குடம் சுமந்து வந்த அந்தப் பெரியவர், தாம் ஒரு வாய் குடித்தாரா என்று கதையில் யாரும் கேட்பதில்லை. நம் ஆங்களிலும் அப்படித்தான். எல்லோருக்கும் தீர்த்தம் எடுத்து வைப்பவர், பரிமாறுபவர், பாத்திரம் ஒழித்துப் போடுபவர், கடைசியில் சாப்பிடுபவர் ஒருவர் இருக்கிறார். அடுப்பின் சூட்டில் நாலு மணி நேரம் நிற்பவரும் அவரே. அவர் எத்தனை டம்ளர் குடித்தார் என்று கேட்டிருக்கிறோமா? பஸ்ஸிலோ ரயிலிலோ போவதென்றால், சுத்தமான பாத்ரூம் இருக்காது என்று முதல் நாள் ராத்திரியே தண்ணீரை நிறுத்திவிடும் பெண்கள் எத்தனை பேர்? பள்ளிக்கூடத்தில் கழிப்பறை சரியில்லாததால் நிரப்பிக் கொடுத்த பாட்டிலை அப்படியே திரும்பக் கொண்டுவரும் பெண் குழந்தைகள் எத்தனை பேர்? அவர்களுக்குத் தலைவலி, அசதி, மலச்சிக்கல், மூத்திரக் கடுப்பு எல்லாம் வரிசையாக வருகின்றன. இவர்களிடம் "நிறையத் தண்ணீர் குடி" என்று உபதேசம் செய்து பிரயோஜனமில்லை. போக ஒரு சுத்தமான இடம் ஏற்பாடு செய்து கொடுத்தால், தாமே குடிப்பார்கள்.

எவ்வளவு குடிப்பது?

"தினம் எட்டு டம்ளர்" என்று ஒரு வேதவாக்கு உலவுகிறது. இதற்கு விஞ்ஞான ஆதாரம் உண்டா என்று அமெரிக்காவில் டார்ட்மத் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஹைன்ஸ் வால்டின் என்ற சிறுநீரக நிபுணர் தேடிப் பார்த்து, 2002-ல் எழுதினார். ஆரோக்கியமான எல்லோருக்கும் பொதுவாக அப்படி ஒரு விதி வைக்க ஆதாரம் கிடைக்கவில்லை என்றார். 1945-ல் அமெரிக்க உணவுக் குழு ஒன்று, ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் என்று சொல்லி, அதில் பெரும்பகுதி சாப்பாட்டிலேயே இருக்கிறது என்று அடுத்த வரியிலேயே எழுதியிருந்தது. அந்த அடுத்த வரியை மட்டும் உலகம் மறந்துவிட்டது போலும்.

நம் சாப்பாட்டில் தண்ணீருக்குக் குறைவில்லை. வடித்த சாதத்தில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர்தான். ரசம், மோர், கீரை, பூசணிக்காய், வெள்ளரிக்காய் எல்லாம் அப்படியே. ஆகவே பானமாகக் குடிக்க வேண்டியது, ஐரோப்பிய சத்துணவு மருத்துவ அமைப்பின் வழிகாட்டுதல்படி, வயதான பெண்களுக்குக் குறைந்தது 1.6 லிட்டர், ஆண்களுக்குக் குறைந்தது 2 லிட்டர். காபி, மோர், பால் எல்லாம் இதில் சேர்த்தி. அது குளிர் தேசத்துக் கணக்கு. நம் வெயிலில், வியர்வைக்கு ஏற்பக் கூட்டிக்கொள்ள வேண்டும். இருதயம் பலவீனமானவர்களும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மட்டும் இதைப் பின்பற்றக் கூடாது. அவர்களுக்கு டாக்டர் சொன்ன அளவே அளவு.

காபியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தச் சபை என்னை விடாது. காபி உடம்பிலுள்ள தண்ணீரை எல்லாம் வெளியேற்றிவிடும் என்று பயமுறுத்துவார்கள். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் காபிப் பழக்கம் உள்ள 50 ஆண்களை மூன்று நாள் தினம் நாலு கோப்பை காபியும், வேறொரு மூன்று நாள் அதே அளவு தண்ணீரும் குடிக்க வைத்துப் பார்த்தார்கள். உடம்பின் நீர்ச்சத்தில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை என்று 2014-ல் எழுதினார்கள். ஆகவே காலைக் காபிக்குப் பங்கமில்லை. ஆனால் மூன்று மணி அசதிக்கு மூன்றாவது காபி என்று போகாமல், முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து இருபது நிமிஷம் பொறுத்துப் பாருங்கள். பல சமயம் காபி தேவைப்படாது. ராத்திரித் தூக்கமும் கெடாது.

கணக்கு வைக்க எளிய வழி, பழைய கூஜா. ரயில் பிரயாணத்துக்கு எடுத்துப் போவோமே, திருகு மூடி போட்டது. ஒன்றரை லிட்டர் பிடிப்பதாகப் பார்த்து, காலையில் நிரப்பிக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். எழுந்தவுடன் ஒரு டம்ளர், பத்து மணிக்கு ஒன்று, சாப்பாட்டோடு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று என்று ஆறு மணிக்குள் காலி செய்துவிட்டால், ராத்திரி எழுந்திருக்கும் தொல்லை குறையும். கால் வீக்கம் உள்ளவர்களுக்கு ராத்திரி மூத்திரம் அதிகம் போவதற்குத் தண்ணீர் குடித்தது மட்டும் காரணமல்ல. பகலில் காலில் தேங்கிய நீர் படுத்தவுடன் ரத்தத்தில் சேர்வதும் ஒரு காரணம். மத்தியானம் ஒரு மணி நேரம் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டால் அது குறையும்.

மூத்திரம் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி, அடர் மஞ்சளானால் போதவில்லை என்பது இளையவர்களுக்கு நல்ல அடையாளம். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிட்டால் நிறம் மாறும். அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். எழுபது தாண்டியவர்களுக்கு இந்த நிறக் கணக்கு நம்பத்தக்கதல்ல. அவர்களுக்குக் கூஜாக் கணக்குதான் சரி.

மலை ஏறுகிறவர்களுக்கு

ஸ்ரீவாரி மெட்டில் சுமார் 2,388 படிகள். அலிபிரி வழியில் 3,550. ஸ்ரீவாரி மெட்டு தூரம் குறைவு, ஆனால் செங்குத்து. 2021 நவம்பர் மழையில் சேதமடைந்து, 2022 மே மாதம் மறுபடியும் திறந்த பாதை. ஏறும் முன் இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். வழியில் கால் மணிக்கு ஒரு தடவை நாலைந்து வாய் போதும். திருமலையில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. எவர்சில்வரோ தாமிரமோ எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் எடை மிஷின் உள்ளவர்கள் நடைக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்தது ஒரு கிலோ என்றால் போனது ஒரு லிட்டர் வியர்வை. கொழுப்பு கரைந்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம்! தலைசுற்றல், நெஞ்சு வலி, வாந்தி, பேச்சுக் குழறல் வந்தால் உடனே நிழலில் உட்கார்ந்து உதவிக்குக் கூப்பிட வேண்டும். வேண்டுதலைப் பிறகு முடித்துக்கொள்ளலாம், பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அதே சமயம், வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் ஒரே மூச்சில் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில், 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் உப்பு குறைந்திருந்தது. ஓடும்போது அளவுக்கு மேல் குடித்து எடை கூடியவர்களே அதில் அதிகம். வியர்வையில் உப்பும் போகிறது. அதனால்தான் நம் பெரியவர்கள் கோடையில் வெறும் ஜலத்தை மட்டும் வைக்காமல், உப்புப் போட்ட நீர்மோரையும் வைத்தார்கள். ஸ்ரீராம நவமிக்குப் பானகமும் நீர்மோரும் வருவது வெயில் ஏறும் நேரத்தில்தான். தமிழ்நாட்டில் தண்ணீர்ப் பந்தல் என்கிறோம்; இங்கே தெலுங்கில் சலிவேந்திரம் என்பார்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் மட்டும் மோரும் பானகமும் போதாது. குளுக்கோஸும் உப்பும் சரியான விகிதத்தில் சேர்ந்தால்தான் குடல் சுவர் தண்ணீரை வேகமாக உள்ளே இழுக்கும். இதன் பலனை உலகுக்குக் காட்டியவர்களில் ஒருவர் நம் நாட்டு டாக்டர் திலீப் மஹலானபிஸ். 1971-ல் வங்காளத்தில் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, சலைன் தீர்ந்துபோய், உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை வாய்வழியாகவே கொடுத்தார். முப்பது சதவீதமாக இருந்த சாவு நாலு சதவீதத்துக்கும் கீழே வந்தது. 2022-ல் காலமான அவருக்கு 2023-ல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். மருந்துக் கடையில் உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி என்று எழுதிய ஓ.ஆர்.எஸ். பொட்டலமாகப் பார்த்து வாங்குங்கள். சர்க்கரைப் பானங்கள் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டிருக்கிறது.

விரதமும் சிராத்தமும்

கடைசியாக ஒரு நுட்பமான விஷயம். நம் அனுஷ்டானங்களில் ஜலம் இல்லாமல் ஒன்றும் இல்லை. ஆனால் ஆசமனத்துக்கு ஒரு உளுந்து மூழ்கும் அளவு போதும். மூன்று வேளை சந்தியாவந்தனம் செய்தாலும் உடம்புக்கு அது காணாது! அதிலும் சிராத்த நாளன்று கர்த்தா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல், பஞ்சகச்சத்தில், ஹோமப் புகையிலும் சூட்டிலும் மத்தியானம் இரண்டு மணி வரை உட்காருகிறார். கர்த்தாவுக்கே எழுபது வயது. ரத்தக்கொதிப்பு மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாம் உண்டு. எழுந்து நமஸ்காரம் செய்யும்போது கண் இருட்டிக் கீழே விழுந்தவர்களுக்கு நான் தையல் போட்டிருக்கிறேன். ஒருவருக்கு இடுப்பு எலும்பே முறிந்துவிட்டது. ஜலம், பழம், பால், ஔஷதம் இவை விரதத்தைக் கெடுக்காது என்று சாஸ்திரத்திலேயே ஒரு வசனம் உண்டு என்று கற்றவர்கள் சொல்வார்கள். சிராத்தத்துக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை உங்கள் ஆத்து வாத்தியாரிடம் பத்து நாள் முன்பே கேட்டுவிடுங்கள். டாக்டரிடமும் அன்றைய மாத்திரைகளைப் பற்றிக் கேளுங்கள். வாத்தியார்களும் கர்த்தாவின் வயதைப் பார்த்து, "ஒரு வாய் தீர்த்தம் சாப்பிட்டுட்டு உட்காருங்கோ" என்று தாமே முன்வந்து சொன்னால், கேட்கத் தயங்குகிறவர்களுக்குப் பெரிய உபகாரமாக இருக்கும்.

கேள்வி நேரத்தில் ஒரு டெல்லி உறுப்பினர், "குளிர்காலத்தில் எங்களுக்குத் தாகமே எடுப்பதில்லையே, அப்போதும் குடிக்க வேண்டுமா?" என்று கேட்டார். வேண்டும். குளிரில் தாக உணர்வு மந்தப்படும், மூத்திரம் அதிகம் போகும், ஹீட்டர் போட்ட அறையில் காற்றும் வறண்டிருக்கும். வெந்நீராகவோ ரசமாகவோ குடியுங்கள். ஏ.சி. அறையில் நாள் முழுவதும் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும் இதேதான். சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் ஜீரணம் கெடுமா என்று ஒரு மாமி கேட்டார். அளவாகக் குடித்தால் கெடாது. வயதானவர்களுக்கு விழுங்குவதற்கு அது சுலபமாகவும் இருக்கும்.

நம் கிளைகளுக்கு மூன்று வேண்டுகோள்கள். விழா நடக்கும் மண்டபத்தில் படியேறாமல் போகக்கூடிய சுத்தமான கழிப்பறை இருக்கிறதா என்று பார்த்து அதன் பிறகு முன்பணம் கொடுங்கள். சொற்பொழிவு ஆரம்பிக்கும் முன் பெரியவர்களுக்கு உட்கார்ந்த இடத்திலேயே தண்ணீர் கொண்டுபோய்க் கொடுங்கள்; "வேணும்னா அங்கே இருக்கு" என்று கையைக் காட்ட வேண்டாம். உங்கள் ஊரில் தனியாக இருக்கும் மூத்த உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று தயாரித்து, பங்குனி முதல் ஆனி வரை தினம் ஒருவர் முறைவைத்துப் போன் செய்யுங்கள். சௌக்கியமா என்று கேட்டால் சௌக்கியம் என்றுதான் சொல்வார்கள். "கார்த்தாலேயிருந்து எத்தனை டம்ளர் ஆச்சு?" என்று கேளுங்கள். பேச்சு தடுமாறினால் உடனே யாரையாவது நேரில் அனுப்புங்கள்.

 வாசலில் நீர்மோர் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரு டம்ளர் சாப்பிட்டுவிட்டுக் கோட்டைக்குக் கிளம்புங்கள்.